வெயிலில் போட்ட ஜாக்கெட்

சுகிர்தம் பலெர்மோவில் வந்து இறங்கிய அன்றைக்கு அவளுடைய சூட்கேசுக்குள் பதினொரு கிலோ மீன் இருந்தது, அந்த மீனைச் சுற்றி அவளுடைய பழைய குளிர் ஜாக்கெட் இருந்தது, அந்த ஜாக்கெட்டுக்குள் வேறு என்ன இருந்தது என்று அவளுக்கே தெரியாது. நோர்வேயின் வடக்கு முனையில், மார்கழி முழுக்கச் சூரியன் எட்டியும் பாராத ஒரு தீவில், இருபத்துநாலு வருசம் மீன் பக்டரியில் நின்று மீன் வெட்டியவள். விரல் மடங்காமல் போய், டொக்டர் பிடித்துப் பார்த்து, எங்கேயாவது வெயில் அடிக்கிற இடத்தில் இரண்டு கிழமை இருந்துவிட்டு வா என்று சொன்ன பிறகும் மூன்று மாதம் இழுத்தடித்துத்தான் வெளிக்கிட்டாள். வெயில் அடிக்கிற இடம் என்றால் அவளுக்கு ஒரே இடம்தான் இருந்தது. கூடப்பிறந்த அக்கா புனிதவதி முப்பது வருசமாகப் பலெர்மோவில் இருக்கிறாள். ஒவ்வொரு குளிருக்கும் "வா பிள்ளை, வந்து வெயில் காய்ஞ்சிட்டுப் போ" என்று கூப்பிடுவாள். பதினாறு வருசமாகச் சுகிர்தம் ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லித் தப்பிக்கொண்டே இருந்தாள்.

அந்தச் சாட்டுகளுக்கெல்லாம் காரணம் ஒரு போன். அதை இப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இவள் அங்கே போய் ஏன் இந்தப் பாடு பட்டாள் என்று ஒருவருக்கும் விளங்காது. ஊரில் போர் முடிகிற மாதங்களில், ஒரு மாசிக் காலை, சைபருக்குக் கீழே இருபத்தாறு பாகைக் குளிரில், பக்டரி பஸ்ஸுக்குக் காத்து நின்றவளுக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பேசியவன் சாரங்கன், புனிதவதியின் ஒரே பிள்ளை, பத்தொன்பது வயது, படிப்புக்கென்று மாமி வீட்டில் விடப்பட்டு வன்னிக்குள் அகப்பட்டுப் போனவன். அன்றிரவு ஒரு கூட்டம் நீரேரியைக் கடந்து மற்றப் பக்கம் போகிறது, தானும் போகவா நிற்கவா என்று கேட்டான். பஸ்ஸின் வெளிச்சம் வளைவில் தெரிந்தது. சுகிர்தம் ஒரு கணமும் யோசிக்காமல், அங்கேயே இரு, அசையாதே என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள். போன கூட்டம் மற்றக் கரையில் ஏறி, முகாமில் கிடந்து, பிறகு நாலு நாட்டுக்கும் சிதறி, இன்றைக்குப் பிள்ளை குட்டியோடு இருக்கிறது. நின்றவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவன் போன் எடுத்ததைச் சுகிர்தம் எவரிடமும் வாய் திறந்து சொல்லவில்லை.

புனிதவதியின் வீட்டில் சாரங்கனின் படத்துக்கு மாலை கிடையாது. விளக்குக் கிடையாது. அவளுடைய போன் மூன்று தரம் மாறியது, நம்பர் மட்டும் மாறவில்லை. புருசன் கண் மூடி ஆறு வருசம். அதற்குப் பிறகு காத்திருக்கிற வேலையை அவள் தனியாகவே பார்த்து வந்தாள்.

இனி ஜாக்கெட்டுக்கு வருவோம். வெளியூர் போகிற நம் ஆட்கள் வெறுங்கையோடு போய் இறங்கமாட்டார்கள். சுகிர்தமும் பக்டரியில் சொல்லிவைத்து வாங்கிய வெள்ளைச்சதை மீனும் சினையும் உறைய வைத்து, வழியில் உருகிவிடாமல் இருக்க, வீட்டு வாசலறையில் தொங்கிய பெரிய ஜாக்கெட்டை எடுத்துச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். வாசலறை என்றால், வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே சூடு போடாத ஒரு சின்ன இடம். ஜாக்கெட், சப்பாத்து எல்லாம் அங்கேதான் நிற்கும். வீட்டிலிருந்து குளிருக்குள், குளிரிலிருந்து பக்டரிக் குளிருக்குள், அங்கிருந்து திரும்பவும் வாசலறைக்குள் என்று இருபத்துநாலு வருசத்தில் அந்த ஜாக்கெட் ஒரு நாளாவது சூட்டைக் கண்டதில்லை. அதை யார் யோசித்தார்கள்?

புனிதவதியின் வீடு பல்லறோ சந்தைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில், நாலாம் மாடியில் இருந்தது. எதிர்ப் பால்கனியில் நிற்பவரோடு குரல் உயர்த்தாமல் கதைக்கலாம், அவ்வளவு ஒடுக்கம். புனிதவதி மீனைக் கழுவி ஃப்ரிட்ஜில் இடம் இல்லாமல் அடுக்கி முடித்து, ஜாக்கெட்டைத் தூக்கி மணந்து பார்த்து முகத்தைச் சுளித்து, இதை வெயிலில் போட்டால்தான் வீட்டுக்குள் விடுவேன் என்று பால்கனிக் கொடியில் கொளுவிவிட்டாள். தை மாதம், ஆனால் அந்த ஊர்த் தை மாதத்தில் தோடை மரங்கள் தெருவோரம் ஆரஞ்சுப் பழத்தோடு நிற்கும், மத்தியானத்தில் கிழவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கதிரை போட்டு இருப்பார்கள். பன்னிரண்டு மணிபோல வெயில் நகர்ந்து வந்து ஜாக்கெட்டோடு சேர்த்துத் தைத்திருந்த தொப்பியின் உரோம விளிம்பில் பட்டது. பட்டவுடன் தொப்பி சுகிர்தத்தின் குரலில், பஸ் இன்னும் வரவில்லை என்று சொன்னது.

குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்ற புனிதவதி, வராவிட்டால் இன்னொன்று வரும், நீ வந்து சாப்பிடு என்று பதில் சொன்னாள். உள்ளே மேசையடியில் இருந்த சுகிர்தம் தான் வாயே திறக்கவில்லை என்றாள். இருவரும் பால்கனிக்குப் போய்ப் பார்த்தார்கள். தொப்பி இன்னும் இரண்டு தரம் பஸ்ஸைத் திட்டியது, பிறகு மூக்கை உறிஞ்சியது. எதிர்ப் பால்கனியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த நுன்சியா என்ற சிசிலிக்காரி எழுபது வயது மனுசி. அவள் கொஞ்சமும் திடுக்கிடவில்லை. முந்தி மலையிலிருந்து கோவேறு கழுதையில் பனி இறக்கிய காலத்தில், ஆனி மாதம் எலுமிச்சம் பனிக்கூழ் குடிக்கும்போது கழுதைக்காரனின் வசவெல்லாம் வாய்க்குள் இளகி வரும் என்று தன் தகப்பன் சொல்லக் கேட்டிருக்கிறாள். மூச்சோடு போன சொல் குளிரில் உறையும், வெயிலில் இளகும், இதில் என்ன புதினம் என்று சொல்லிவிட்டு மிச்ச உடுப்பை விரித்தாள்.

மூன்றாம் நாளுக்குள் ஒழுங்கை முழுக்க இந்த ஜாக்கெட்டைத் தன் வீட்டு ஆளாக எடுத்துக்கொண்டது. சந்தையில் தோடம்பழம் விற்கிறவன் "பஸ் வரேல்லை, பஸ் வரேல்லை" என்று தமிழில் கூவி விற்கத் தொடங்கினான், விற்பனையும் கூடியது. தமிழ்ச் சங்கத் தலைவர் அரியநாயகம் கொப்பியும் பேனையுமாக வந்து ஆராய்ந்து, வீடு துப்புரவாக்கப் போகிற நம் சனத்துக்குத் தோதாகப் பதினொரு மணி முதல் ஒரு மணி வரை கேட்கும் நேரம் என்று அறிவித்தார். கீழே கதிரை போட்டார்கள், நுன்சியா மேலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்கிக் கோப்பி கொடுத்தாள். கனடாவிலிருந்து மச்சாளின் ஜாக்கெட்டை வாங்கி வைத்திருந்த ஒருத்தி அதையும் கொண்டுவந்து பக்கத்தில் தொங்கவிட்டாள். அது இரண்டு மணித்தியாலம் "சொறி, சொறி" என்று மன்னிப்பு மட்டும் கேட்டது, ஆகவே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இளம் ஆட்கள் போனில் பதிவு செய்து பார்த்தார்கள். புறா குறுகுறுத்த சத்தம்தான் பதிந்தது. ஒரு சொல் ஒரு தரம்தான் இளகும், இளகினால் போனதுதான்.

போனில் பேசிய பேச்சுகளும் அதற்குள் இருந்தன, ஆனால் ஒரு பக்கம்தான். சுகிர்தம் பேசியது வரும், மற்ற ஆள் பேசிய நேரத்துக்குத் தொப்பி சும்மா இருக்கும், பிறகு "ஓம், ஓம்" என்று தொடரும். புனிதவதிக்கு அதையெல்லாம் கேட்கக் கேட்க ஆசை அடங்கவில்லை. வேலையால் வந்ததும் முக்காலியைப் போட்டுக்கொண்டு பால்கனியிலேயே இருந்தாள். "இவ்வளவு காலமும் எனக்கு ரெண்டு வசனத்துக்கு மேலை நீ கதைச்சதில்லை. இது உன்னைவிட நல்லாக் கதைக்குது" என்று சொல்லி, கிடைத்த தங்கச்சியின் குரலை உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறவள் மாதிரி வெயிலுக்குள் இருந்தாள்.

சுகிர்தத்துக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் தொப்பி பக்கத்து வீட்டு நாய் செத்ததற்கு இரங்கல் சொன்னது. அந்த நாய் செத்து ஐந்து வருசம். மேலே உறைந்தது முதலில் இளகுகிறது, அடியில் கிடப்பது பிறகு இளகும், அப்படியென்றால் நாளுக்கு இரண்டு குளிர்காலம் பின்னால் போகிறது என்று விரல் விட்டு எண்ணினாள். வெயில் இப்படியே அடித்தால் ஒன்பதாம் நாள் அந்த மாசிமாதம் வந்துவிடும். அவளுடைய பிளேன் ரிக்கெற் பதினாலாம் நாளுக்கு. இந்தப் பால்கனியில், இத்தனை சனத்துக்கு முன்னால், பிள்ளை வருவான் என்று நம்பருக்குக் காவல் இருக்கிற தாய்க்கு முன்னால், தன்னுடைய குரல் அங்கேயே இரு, அசையாதே என்று சொல்லப்போகிறது. அதற்குப் பிறகு அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

நாலாம் நாள் ஜாக்கெட் காய்ந்துவிட்டது, உள்ளே எடுத்து வைப்போமா என்று மெல்லக் கேட்டுப் பார்த்தாள். புனிதவதி விடவில்லை. ஐந்தாம் நாள் காலை அக்கா வேலைக்குப் போனபின், ஜாக்கெட்டைத் திரும்ப உறைய வைத்துவிடலாம் என்று ஃப்ரிட்ஜைத் திறந்தாள். தான் கொண்டுவந்த மீன் தனக்கே இடம் விடாமல் நிறைந்து கிடந்தது. அதில் பாதியைச் சமைத்துத் தீர்த்துவிடலாம் என்று பதகளித்துப் பதகளித்துப் பொரித்தாள், குழம்பு வைத்தாள், ஒழுங்கை முழுக்கக் கூடையில் அனுப்பினாள். ஆனால் மீன் போன இடத்தில் புனிதவதி வரும் வழியில் வாங்கி வந்த இறாலை அடுக்கிவிட்டாள்.

ஆறாம் நாள் ஜாக்கெட்டைப் பையில் சுற்றிக்கொண்டு சந்தைக்கு ஓடினாள். மீன்காரன் தூரி பெரிய மனுசன். ஐஸ் மேசையில் வாள்மீனைப் பரப்பி வைத்துக்கொண்டு நின்றான். அவளுக்குத் தெரிந்த இத்தாலியன் நாலு சொல், அவனுக்குத் தெரிந்த தமிழ் "பஸ் வரேல்லை" மட்டும். எட்டு நாளைக்கு இதை ஐஸுக்குள் வைத்திரு என்று அவள் கையாலும் கண்ணாலும் கெஞ்சியது அவனுக்கு எப்படியோ விளங்கியது. நல்ல மரியாதையோடு வாள்மீனுக்குக் கீழே கிடத்தினான். ஆனால் பின்னேரம் சந்தை கலைகிற நேரம் ஐஸ் தண்ணியாகி, வாள்மீனின் வாய்ப்பக்கத்திலிருந்து "எனக்குக் குளிருது, எனக்குக் குளிருது" என்று ஒரு பெண்குரல் அழுதது. சனம் கூடிவிட்டது. வாள்மீனை வாங்க அடிபட்டார்கள். தூரி நேர்மையான ஆள், மீன் பேசவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஜாக்கெட்டைத் தோளில் போட்டு, பின்னால் முப்பது பேர் வர, நாலு மாடி ஏறிக் கொண்டுவந்து புனிதவதியிடம் ஒப்படைத்தான். புனிதவதி தங்கச்சியைப் பார்த்து, மீன் மணம் போவதற்கு மீன்கடையிலா வைத்தாய் என்று கேட்டாள். சுகிர்தம் சிரித்து மழுப்பினாள். அக்கா சிரிக்கவில்லை.

ஏழாம் நாள் ஞாயிறு. ஞாயிறு என்றால் பலெர்மோத் தமிழர்கள் சைவம், கிறிஸ்து வேதம் என்ற பேதம் பாராமல் நகருக்கு வெளியே உள்ள மலையில் ஏறி, குகைக்குள் இருக்கிற ஊர்க்காவல் புனிதை சாந்தா ரொசாலியாவைக் கும்பிட்டு வருவார்கள், நேர்த்திக்கடன் இருப்பவர்கள் வெறுங்காலோடு ஏறுவார்கள். புனிதவதி பதினாறு வருசமாக வெறுங்காலோடு ஏறுகிறவள். அவளுடைய நேர்த்தி என்ன என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அவளுக்கு வழி விட்டுத்தான் மற்றவர்கள் நடப்பார்கள். அன்றைக்குச் சுகிர்தமும் செருப்பைக் கழற்றினாள். குகையில் சுவரால் தண்ணி சொட்ட, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் நின்றார்கள். அக்கா மகன் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது தங்கச்சி, தாயே, எப்படியாவது ஒரு கிழமைக்கு வெயிலை மறைத்துவிடு என்று கேட்டாள். கேட்கும்போதே தான் என்ன பிறவி என்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் கேட்டதைத் திருப்பி வாங்கவில்லை.

மலை இறங்கும்போதே முகில் மூடியது. எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று நாலு நாள் நகரத்தில் சூரியன் இல்லை. ஜாக்கெட் வாயை இறுக்கிக்கொண்டு ஈரத்தில் தொங்கியது. சந்தையில் தோடம்பழக்காரன் புறுபுறுத்தான், நுன்சியாவின் உடுப்புக் காயவில்லை, வெயில் காய வந்து ஹோட்டல்களில் இறங்கியிருந்த ஐரோப்பாவின் வடநாட்டுக்காரர் யன்னலோரம் நின்று வானத்தைப் பார்த்தார்கள். தை மாதத்தில் நாலு நாள் முகிலைச் சாந்தா ரொசாலியா சும்மா தரமாட்டா, யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று ஒழுங்கை முடிவு செய்தது. யார் கேட்டது என்று அரியநாயகம் வீடு வீடாக விசாரித்தார். சுகிர்தம் கேள்வி வருமுன்பே நான் இல்லை என்றாள். புனிதவதி அதைக் கேட்டுக்கொண்டு கறிவேப்பிலை ஆய்ந்தாள். அந்த நாலு நாளும் அக்காவும் தங்கச்சியும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், கதை மட்டும் குறைந்துகொண்டே போனது. சுகிர்தம் விடியப்புறம் எழும்பி முதலில் வானத்தைப் பார்ப்பாள், பிறகுதான் மூச்சு விடுவாள். இன்னும் நாலு நாள், இன்னும் மூன்று நாள் என்று எண்ணினாள்.

பன்னிரண்டாம் நாள் முகில் துடைத்து விட்டதுபோல் போய்விட்டது. அடித்த வெயிலுக்கு ஜாக்கெட் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டு, நாலு நாள் கடனையும் சேர்த்து, மூச்சு விடாமல் ஐந்து குளிர்காலத்தைக் கொட்டியது. ஒரு மணிக்கு வெயில் நகர்ந்தபோது அது போர் முடிந்த அடுத்த வருசத்தில் வந்து நின்றது. தொப்பிக்குள்ளிருந்து சுகிர்தத்தின் குரல் பஸ் தரிப்பில் நின்று, கடவுளே, கடவுளே என்று அழுதது. கீழே இருந்தவர்கள் தலை குனிந்தார்கள். புனிதவதி அவளைத் திரும்பிப் பார்த்து ஏன் இப்படி அழுதாய் என்று கேட்க, சுகிர்தம் பல்லுவலி என்றாள். அந்தப் பொய்யை அவளே நம்பவில்லை.

பதின்மூன்றாம் நாள் காலை புனிதவதி ஒரு வக்கீல் வீட்டுக்கு இரண்டு மணித்தியால வேலைக்குப் போனாள். கதவு சாத்திய சத்தம் கேட்டதும் சுகிர்தம் ஜாக்கெட்டைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கினாள். கடலுக்குப் போகிறாள். கல்லைக் கட்டிக் கடலில் போட்டுவிட்டு, காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லி, நாளைக்குப் பிளேன் ஏறிவிடலாம். கரையில் பனைமரங்கள் வரிசையாக நின்றன, கடல் தகடாகக் கிடந்தது, வடநாட்டுக் கிழவர் கிழவிகள் வாங்குகளில் சாய்ந்திருந்து முகத்தை வெயிலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அணைக்கல்லில் ஏறி நின்று பையைத் திறந்தாள். பத்தரை மணி வெயில் தொப்பியில் விழுந்தது.

"ஹலோ? ஆர் கதைக்கிறது?" என்று தொப்பி கேட்டது.

பிறகு சும்மா இருந்தது. சுகிர்தத்தின் கை அப்படியே நின்றுவிட்டது. அவளுக்குத் தெரியும், இது வெறும் மௌனம் இல்லை. சின்னம்மா, நான் சாரங்கன் என்று அவன் சொன்ன நேரம் இது. அவன் சொல்லி முடிக்க எவ்வளவு எடுத்ததோ அவ்வளவு நீளத்துக்கு இது கிடக்கிறது. அவனுடைய உடுப்பு இல்லை, எலும்பு இல்லை, ஒரு கடுதாசி இல்லை. உலகத்தில் அவனுடையது என்று மிஞ்சியிருப்பது இந்தத் தொப்பிக்குள் கிடக்கிற நாலைந்து இடைவெளி மட்டும்தான், அதுவும் ஒரு தரம்தான் வரும், அதையும் தான் யாரோ கிழவர்களுக்கு முன்னால் கடலுக்குள் கொட்டப் பார்க்கிறாள். ஐயோ, நான் என்ன வேலை செய்யப் போனேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு தொப்பியை இரண்டு கையாலும் பொத்தி, வெயில் படாமல் சட்டைக்குள் அமத்திப் பிடித்துக்கொண்டு ஓடத் தொடங்கினாள்.

ஐம்பத்தைந்து வயதில், மலை ஏறி வீங்கிய முழங்காலோடு, கடற்கரையிலிருந்து பல்லறோ வரை ஓடினாள். நிழல் பார்த்து ஓடினாள், வெயில் விழுந்த சந்திகளில் குனிந்து ஓடினாள். உடம்புச் சூட்டில் இளகிவிடுமோ என்று வெளியே எடுத்தாள், வெயில் சூட்டில் இளகிவிடுமோ என்று உள்ளே வைத்தாள். தூரியின் கடையடியில் மூச்சு வாங்க நின்றுவிட்டாள். அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான், தொப்பியை வாங்கி அதற்குள் இரண்டு கைநிறைய ஐஸைக் கொட்டி முடிந்து கொடுத்தான். தண்ணி சொட்டச் சொட்ட நாலு மாடி ஏறினாள். வேலையால் வந்த புனிதவதி கதவைத் திறந்தபடி நின்றாள். பால்கனிக் கொடி வெறுமையாகக் கிடப்பதை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள்.

"அக்கா, இதுக்குள்ளை சாரங்கன் இருக்கிறான்" என்றாள் சுகிர்தம். "அவன் எனக்குப் போன் எடுத்தவன். கடைசியா. நான் உங்களுக்குச் சொல்லேல்லை."

புனிதவதி ஓர் அடி முன்னுக்கு வந்தாள். ஜாக்கெட்டைத் தங்கச்சியின் கையிலிருந்து வாங்கினாள். பால்கனிக்குக் கொண்டுபோய்த் தொப்பியின் முடிச்சை அவிழ்த்து, ஐஸை ஒவ்வொரு கட்டியாக எடுத்துப் பூச்சட்டியில் போட்டாள். பிறகு உரோம விளிம்பை வெயில் பக்கம் திருப்பிக் கொளுவி, முக்காலியை இழுத்துப்போட்டு இருந்தாள். பதினொரு மணியாகிவிட்டதால் கீழே கதிரைகளில் ஆட்கள் வந்து இருந்தார்கள். அவர்களுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மேலே பார்த்தவர்கள் கதையை நிறுத்தினார்கள், நுன்சியா தன் ரேடியோவை நிற்பாட்டினாள்.

வெயில் வந்தது. "ஓம் தம்பி, சின்னம்மாதான். சொல்லு" என்றது தொப்பி. பிறகு சும்மா இருந்தது.

புனிதவதி அந்தச் சும்மாவுக்குள் காதை வைத்தாள். "என்ன சொல்லுறான்?" என்று கேட்டாள்.

சுகிர்தம் தொப்பியைப் பார்த்தபடி சொன்னாள். "அம்மாவின்ர நம்பர் கிடைக்குதில்லையாம். எந்நேரமும் ஆரோடையோ கதைச்சபடியாம்."

"அவ உனக்குத்தான் அடிச்சுக்கொண்டிருப்பா. நீ சாப்பிட்டியோ?" என்றது தொப்பி. அது உண்மைதான். அந்த நாட்களில் புனிதவதி விடிய எழும்பினால் படுக்கும்வரை வன்னிக்குப் போகாத நம்பர்களை அழுத்தி அழுத்தி, ஒரு நிமிசம்கூடப் போனைக் கீழே வைத்ததில்லை. இப்போது அந்தக் கையை மடியில் வைத்துப் பார்த்தாள்.

"என்ன சொல்லுறான்?"

"கஞ்சி குடிச்சவனாம். மாமியும் குடிச்சவவாம்."

அடுத்த இடைவெளி நீளமாக இருந்தது. மேலே ஒரு புறா சிறகடித்தது, கீழே ஒருவர் அதைக் கையால் விரட்டினார். அக்கா திரும்பவும் கேட்க, இரவைக்கு ஒரு கூட்டம் தண்ணியைக் கடக்கிறதாம், தானும் போகவா நிற்கவா என்று கேட்கிறான் என்று சுகிர்தம் சொன்னாள். சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இனி வருவது அவளுக்குத் தெரியும், தடுக்க ஒரு வழியும் இல்லை.

"அங்கையே இரு தம்பி. அசையாதை. அதுதான் பத்திரம்" என்றது தொப்பி, சுகிர்தத்தின் நல்ல தெளிவான குரலில், ஒழுங்கையின் இரண்டு அந்தத்துக்கும் கேட்க.

கீழே தமிழ் விளங்கிய எல்லோருக்கும் விளங்கியது. அரியநாயகம் கொப்பியை மூடினார். அந்த நேரம் பால்கனி இடிந்து விழுந்திருந்தால் சுகிர்தம் சந்தோசப்பட்டிருப்பாள். புனிதவதி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழும்பி நின்று, தொப்பியை இரண்டு கையாலும் ஏந்தி, முகத்தை அதற்குள் விடுகிற அளவுக்குக் குனிந்து, அடுத்த இடைவெளியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மற்ற எல்லாவற்றையும்விட அது நீளம்.

"இப்ப என்ன சொல்லுறான்?"

"சரியாம்" என்றாள் சுகிர்தம். "நிக்கிறானாம். அம்மாட்டைச் சொல்லட்டாம், தான் நல்லா இருக்கிறன் எண்டு. அம்மாவை யோசிக்க வேண்டாமாம். இரவிலை அம்மாவின்ர குரல் தனக்குக் கேக்கிறதாம், அதாலை பயமில்லையாம்."

"சரி தம்பி, பஸ் வந்திட்டுது. நான் அம்மாட்டைச் சொல்லுறன்" என்றது தொப்பி. பிறகு பஸ் கதவு திறக்கிற சத்தம்கூட இல்லை. உரோமத்தின் நுனியில் ஒரு துளி நின்று, கீழே விழுந்தது.

புனிதவதி அந்த ஈரத்தைக் கையால் துடைத்தாள், துடைத்த கையை நெஞ்சில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் தங்கச்சியைப் பார்த்தாள்.

"நீ சொன்னதை விடு" என்றாள். "ஆர் எண்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பினமோ, என்னவோ, அது எனக்குத் தெரியாது. அவன் சொன்னதை ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

சுகிர்தம் வாயைத் திறந்தாள். பதினாறு வருசத்துச் சொல் முழுக்க அந்த ஒழுங்கையில் கொட்டி முடிந்திருந்தது. அக்கா பதிலுக்காகப் பார்த்துக்கொண்டே நின்றாள்.